கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பேக்கிங்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் அன்புசெல்வியின் பட்டறைக்கு வருகிறவர்கள், பழுதான எஞ்சினோடு நாலைந்து கல்யாணப் பத்திரிகைகளையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் நடந்து முடிந்த கல்யாணங்கள். மொய் எழுதி, சாப்பிட்டு, பீடா மென்று துப்பி, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் சண்டையும் போட்ட பிறகு அலமாரியில் மிச்சம் கிடப்பவை.

"இந்தா அன்பு, நல்ல தடி அட்டை. உனக்குன்னே எடுத்து வச்சேன்."

அவள் விரலால் மடக்கிப் பார்ப்பாள். "அட்டை நல்லாத்தான் இருக்குது. தேதி போயிடுச்சா?"

"போயி, புள்ளையே நடக்குது."

"அப்ப பெட்டியில போடு."

மரம் அறுக்கிற மிஷின், புல்வெட்டி, மருந்தடிக்கிற பம்ப்பு என்று அவள் கழற்றி மாட்டுவதெல்லாம் சின்ன எஞ்சின்கள். சிலிண்டர் போய் உட்காரும் இடத்தில் அடியில் ஒரு மெல்லிய கேஸ்கட் இருக்கும். பட்டறைப் பேச்சில் அது பேக்கிங். மேலே சிலிண்டர், கீழே எஞ்சினின் கூடு, நடுவில் காற்று நுழையாமல் காப்பது அதுதான். ஒருமுறை சிலிண்டரைத் தூக்கினால் கிழிந்துவிடும். புதிதுதான் போட வேண்டும். கம்பெனி பேக்கிங் வராத பழைய மிஷின்களுக்கு அட்டையில் வெட்டிக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். அதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைப் போல அளவான கனத்தில் வேறொன்று கிடைப்பதில்லை.

அன்புசெல்விக்கு அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. தேதி போன பத்திரிகைதான் பெட்டிக்குள் போகும். இனிமேல் நடக்க வேண்டிய கல்யாணத்தின் பத்திரிகை சுவரில் ஆணியில் தொங்கும். "தாலி ஏறாத முன்ன பேரு மேல சுத்தி படக்கூடாது" என்பாள். வெள்ளிக்கிழமை பட்டறைக்குச் சூடம் காட்டுவதைக்கூட மறந்துபோகிறவள், இதை மட்டும் மறந்ததில்லை.

அவளுடைய தம்பி சிலம்பரசனுக்குத் தை மாதம் கல்யாணம். தாய் தகப்பன் போன பிறகு அவனைப் படிக்கவைத்து, காலாப்பட்டில் பல்கலைக்கழக பஸ் ஓட்டுகிற வேலையில் உட்காரவைத்தவள் அக்காதான். பெண், முதலியார்பேட்டை இராமதாஸின் மகள் சிந்துஜா. மில் மூடிய பிறகு இராமதாஸ் மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். கார்த்திகைப் புயலில் ஊர் முழுக்கப் பாதி சாய்ந்து நின்ற மரங்கள் மார்கழி வந்தும் வெட்டி முடியவில்லை. அந்த நெருக்கடியில் அவருடைய பெரிய மிஷின் பிஸ்டன் பிடித்து நின்றுபோனது. சம்பந்தி வீட்டுப் பட்டறை இருக்க வேறெங்கே போவார்? அன்புசெல்வி புது சிலிண்டரும் பிஸ்டனும் போட்டு, கம்பெனி பேக்கிங் வர நாளாகும் என்பதால் அட்டையில் வெட்டி மாட்டி, ஓட்டிக் காட்டிக் கொடுத்தனுப்பினாள். இராமதாஸுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த நாள் காலை, டீ கொண்டுவந்த பக்கத்து டீக்கடை ஆயம்மா கேட்டாள்.

"என்னா அன்பு, எனக்குன்னு உங்க சம்பந்தி பத்திரிக வச்சிட்டுப் போனாராமே. எங்க அது?"

"உனக்கா? எங்கிட்ட ஒண்ணும் குடுக்கலியே."

"குடுக்கல. வச்சாரு. மிஷின் எடுக்க வந்தப்ப நான் கடையில இல்லியாம். 'அன்பு பட்டறையில அட்டைப் பெட்டி மேல வச்சிருக்கேன், எடுத்துக்க'ன்னு வழியில பாத்து சொன்னாரு."

"பெட்டி மேலயா?"

"ஆமா. ஏன் உன் மூஞ்சி இப்பிடிப் போவுது?"

அன்புசெல்வி டீயைக் கீழே வைத்துவிட்டுக் குப்பைத் தகரத்தைக் கவிழ்த்தாள். அறுந்த ஒயர், தேய்ந்த பிளக், எண்ணெய்த் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய, பளபளவென்ற பத்திரிகை. நட்டநடுவில் ஒரு ஓட்டை. பிள்ளையாரைக் காணோம். பெண் பேர் இருந்த வரியையும் காணோம். அதற்குக் கீழே சிலம்பரசன் மட்டும் முழுசாக இருந்தான்.

"அடிப்பாவி" என்றாள் ஆயம்மா.

"கத்தாத."

"நான் எங்கடி கத்துனேன்? பொண்ணு பேரு எங்க?"

"மிஷினுக்குள்ள."

"எந்த மிஷினு?"

"அவுரு மிஷினுதான்."

ஆயம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்புசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று நடந்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. வாசலில் இராமதாஸோடு, அவரிடம் மரம் ஏறி வெட்டுகிற பாவாடை என்பவன் வண்டியை வைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறான். இவள் கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ புல்வெட்டி விலை சொல்கிறாள். கை பின்னால் போய்ப் பெட்டி மேலிருந்த அட்டையை எடுக்கிறது. வெள்ளைப் பின்பக்கம் மேலே இருக்க, எஞ்சின் மேல் வைத்துத் தட்டுகிறது. வழுவழுப்பு விரலில் பட்டது. விரலுக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை.

"விடு, உள்ளதான இருக்குது. யாரு பாக்கப்போறா?" என்றாள் ஆயம்மா.

அன்புசெல்வி மிச்ச அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினாள். கண்ணாடி மாதிரி ஒரு தாள் உரிந்து வந்தது.

"பிளாஸ்டிக் ஒட்டின அட்டை, ஆயம்மா. சூட்டுல எளகிடும். எளகுனா போல்ட்டு லூசாயி காத்து உள்ள பூரும். காத்து ஜாஸ்தியா போனா எண்ணெயும் பெட்ரோலும் பத்தாது. பிஸ்டன் மறுபடி புடிச்சிக்கும். அப்ப எவனாச்சும் கழட்டுவான்."

"கழட்டுனா?"

"பொண்ணு பேரோட வெளிய வரும்."

ஆயம்மா சிரிப்பை நிறுத்தினாள். இராமதாஸ் பார்த்தால் பரவாயில்லை. பார்க்கக் கூடாதவள் அவர் பெண்டாட்டி தையல்நாயகி. சிந்துஜாவுக்கு இதற்கு முன் ஒரு இடம் பேசி, தட்டு மாற்றுகிற வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தேங்காயை உடைத்தால் அழுகல். தையல்நாயகி தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வந்தவர்கள் கேசரி கூடச் சாப்பிடவில்லை. தேங்காய்க்கே அந்தக் கதி என்றால், பெண்ணின் பேரைச் சுத்தியால் தட்டி வெட்டி எஞ்சினுக்குள் வேகவைத்தவளின் தம்பிக்கு என்ன கதி?

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீ போயி நைசா மாத்திட்டு வந்துடு. இல்ல, வேணாம், போவாத. அந்த அத்தக்கிட்ட மாட்டுனா அவ்வளவுதான். இல்ல, போ."

"போவவா வேணாமாடா?"

"போ. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத."

"நீ என்னாத்த சொன்ன, நான் சொல்றதுக்கு?"

அடுத்து இராமதாஸுக்கு.

"மாமா, அந்த மிஷின ஒருக்கா கொண்டாங்க. போல்ட்ட திரும்ப டைட் வைக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. பட்டாசு மாதிரி ஓடுது. பாவாட காலையிலேர்ந்து கீழ வைக்க மாட்டேங்கறான்."

"சூடாயி ஆறினா ஒரு தடவ வைக்கணும் மாமா."

"ஓடுற மிஷின்ல கை வைக்காதீங்கன்னு போன தடவ என்னையே திட்டுன. இப்ப நீயே வைக்கிறேங்கிற. போன வச்சிடும்மா, மரத்தடியில நிக்கறேன்."

போன் துண்டானது. அவள் பெட்டியிலிருந்து பழைய பத்திரிகை ஒன்றை, இந்தமுறை தேதியைப் படித்துவிட்டு எடுத்தாள். வெட்டிய பத்திரிகையின் ஓட்டையை அதன் மேல் வைத்து வரைந்து, ஒரு பேக்கிங் வெட்டிச் சட்டைப்பையில் போட்டாள். புடவைக்கு மேல் மாட்டிய காக்கிச் சட்டையைக் கழற்றாமல், சாமான் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வேலை நடந்த இடம் முதலியார்பேட்டையில் ஒரு சொல்தா வீட்டுத் தோட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வது. சொல்தா மகனோடு பாரீசில் இருந்தார். வீடு பூட்டியிருந்தது. பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று வேர் தூக்கி, பின்கட்டு ஓட்டின் மேல் தோள் சாய்த்திருந்தது. தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. கேட்டதும் அவள் வண்டியை விரட்டினாள். நேற்று அவள் கொடுத்தனுப்பிய சத்தம் இல்லை இது. இது கீச்சென்று மேலே மேலே ஏறிக்கொண்டு போகிற சத்தம்.

பாவாடை அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். முப்பது வயசு ஆள், கை இரண்டும் உலக்கை மாதிரி.

"பாத்தியா அக்கா, என்னா கத்து கத்துது! நேத்தவிட இன்னிக்கு பலம் ஜாஸ்தி."

"அது பலம் இல்லடா, காத்து குடிக்குது. நிறுத்து."

"இந்த ஒரு கெளைய மட்டும் போட்டுட்டு..."

"நிறுத்துங்கறேன்ல!"

இராமதாஸ் ஓடி வந்தார். "என்னாம்மா, இவ்வளவு தூரம் வந்துட்ட?"

"சத்தம் சரியில்ல மாமா. இப்படியே ஓட்டுனா புது பிஸ்டனும் போயிடும். மேல சிலிண்டர மட்டும் தூக்கி வைக்கணும். நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இருந்தா என்னா?"

"நீங்க இருந்தா பேசுவீங்க."

அவர் ஒத்துக்கொண்டு போனார். அன்புசெல்வி ஒரு சாக்கை விரித்து, மேலே துணி போட்டு, மிஷினைக் கிடத்தினாள். சூடு தணியட்டும் என்று கொஞ்சம் விட்டாள். மூடி, சைலன்சர், கார்புரேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று துணி மேல் வரிசையாக உட்கார்ந்தன. அடி போல்ட்டு நாலும் எல்-கீயைக் காட்டினதுமே திரும்பின. நேற்று அவள் பல்லைக் கடித்து இறுக்கியவை. சிலிண்டரை மெல்ல அசைத்து மேலே தூக்கினாள்.

பேக்கிங் எஞ்சின் கூட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பாகு மாதிரி இளகி வழிந்து, காற்று புகுந்த இடம் கறுத்துத் தெரிந்தது. அவள் பிளேடால் நெம்பி, முழுசாகவே எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு மடக்கிப் பையில் போட்டிருக்கலாம். பாவாடை அதற்குள் குனிந்துவிட்டான்.

"செல்...வி... சிந்து... அக்கா, இது நம்ம..."

"வாய மூடு."

"என்னா நம்ம?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

சாப்பாட்டுக் கேரியரோடு தையல்நாயகி நின்றாள். குள்ளமான உருவம், பெரிய குங்குமப் பொட்டு. கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அன்புசெல்வி கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது? தையல்நாயகி அந்த வளையத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, எட்ட வைத்து, கிட்ட வைத்துப் படித்தாள்.

"இது பத்திரிக."

"ஆமாங்க அத்த."

"எங்களுதா, உங்களுதா?"

"உங்களுது."

"தெரிஞ்சி வெட்டுனியா, தெரியாம வெட்டுனியா?"

"தெரியாமதான். பழைய பத்திரிக போடற பெட்டி மேல இருந்துச்சு. பழசுன்னு எடுத்துட்டேன்."

"அது மேல எப்படிப் போச்சு? காலு மொளச்சா?"

அன்புசெல்வி குனிந்து போல்ட்டுகளைத் துணியில் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து இராமதாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெண்டாட்டியையும் வளையத்தையும் பார்த்தார். முகம் மாறியது.

"தையலு, அது வந்து... டீக்கடைக்காரம்மாவுக்குன்னு நான்தான் அங்க..."

"நீங்கதானா?"

"வைக்க வேற எடம் இல்ல. எல்லா எடமும் எண்ணெ."

"முப்பது வருசமா உங்ககிட்ட ஒரு சாமான குடுத்து ஒரு எடத்துல வைக்கச் சொல்ல முடியல." அவள் திரும்பிப் பாவாடையைப் பிடித்தாள். "ஏண்டா, இது உள்ள இருந்தப்ப மிஷின் ஓடிச்சா?"

"ஓடிச்சாவா? ஒரே இழுப்பு அண்ணி! கயித்த தொட்டதும் புடிச்சிக்கிச்சு."

"மரம் போட்டீங்களா?"

"நேத்து ரெண்டு தென்ன. இன்னிக்கு இதுல பாதி."

"யாருக்காச்சும் அடி, காயம்?"

"ஒரு கீறல் இல்ல."

தையல்நாயகி கண்ணை மூடி எதையோ கணக்குப் போட்டாள். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்ப இது நல்ல சகுனம். எம்பொண்ணு உள்ள இருந்து காப்பாத்தியிருக்கா. புயல்ல விழுந்த மரத்த அறுக்கறப்ப ஒரு கீறல் படலன்னா சும்மாவா? இந்தா, இருந்த மாதிரியே உள்ள வச்சி மூடு. கல்யாணம் முடியறவரைக்கும் கழட்டாத."

இராமதாஸ் விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது. "அதான் சொல்லிட்டாளே, போடும்மா, போடு" என்றார்.

வளையம் மறுபடி அன்புசெல்வியின் கைக்கு வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி கல்யாணம் தடையில்லாமல் நடக்கும். மிஷின் இன்றைக்கு ஓடும். நாளைக்கும் ஓடலாம். அதற்கப்புறம் ஏதாவது ஒரு மரத்தின் உச்சியில், பாதி அறுத்த கிளையில் பல் மாட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு மேலே இருக்கப்போகிறவன் பாவாடை.

அவள் வளையத்தைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"போட முடியாது அத்த."

"ஏன்?"

"ஒருக்கா அமுங்குன பேக்கிங்க திரும்பப் போடக்கூடாது. அதோட இது எளகிடுச்சி. பாருங்க, இந்தப் பக்கம் காத்து போயிருக்குது. மறுபடி போட்டா எஞ்சின் புடிச்சிக்கும்."

தையல்நாயகியின் பொட்டு மேலே ஏறியது. "எம்பொண்ணு பேரு இருந்தா எஞ்சின் நின்னுடும்னு சொல்ற."

"பேரு ஒண்ணும் பண்ணல. மேல பளபளன்னு ஒட்டியிருக்குதே பிளாஸ்டிக்கு, அதுதான்."

"அந்தப் பளபளப்ப கேட்டு வாங்கிப் போடச் சொன்னதே நான்தான்."

"பத்திரிகைக்கு அது நல்லாத்தான் இருக்குது அத்த. எஞ்சினுக்குத்தான் ஆவாது."

"அன்பு," இராமதாஸ் தாழ்ந்த குரலில் சொன்னார், "சும்மா வையேன். நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு நீங்களா மாமா மரத்துல ஏறுவீங்க?"

பாவாடை தலையைச் சொறிந்தான். "அண்ணி, சிந்து பேரு இருக்கட்டும். எனக்கும் எங்க ஊட்ல ஒரு பேரு வச்சிருக்காங்க."

தையல்நாயகி கேரியரைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். அன்றைக்குத் தட்டைத் திருப்பிக் கொடுத்தபோதும் இப்படித்தான் ஒரு நிமிஷம் நின்றாள் என்று இராமதாஸ் பின்னால் சொன்னார்.

"சரி. இத எடுத்துட்டு வேற என்னா போடப்போற?"

அன்புசெல்வி சட்டைப்பையிலிருந்து புது பேக்கிங்கை எடுத்தாள். தையல்நாயகி வாங்குவதற்குள் பாவாடை எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்தைக் கண்டால் படித்தாக வேண்டும்.

"இது நம்ம வில்லியனூர் டைலர் ஊட்டுப் பத்திரிக இல்ல? அதுங்க ரெண்டும் பிரிஞ்சிடுச்சே. பொண்ணு அம்மா வூட்டுக்கே வந்துடுச்சு."

அன்புசெல்வி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"ஓகோ" என்றாள் தையல்நாயகி. "எம்பொண்ணு இருந்த எடத்துல பிரிஞ்சி போனவங்களா?"

"அத்த, எனக்கு எப்படித் தெரியும்? தேதிய மட்டும்தான் பாத்தேன்."

"உங்க பத்திரிக இருக்குதா? மாப்ள வூட்டுது."

இருந்தது. உறவுக்குக் கொடுக்க ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து வந்தாள். தையல்நாயகி அதைக் கசக்கினாள், முகர்ந்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இதுல பிளாஸ்டிக் இல்ல."

"இல்ல. சாதா அட்டை."

"எஞ்சினுக்கு ஆவுமா?"

"ஆவும். ஆனா அத்த, இது இன்னும் தேதி போவாத பத்திரிக. நான் எப்பவும் ஆணியில மாட்டித்தான்..."

"எங்களுதும் தேதி போவாததுதான். எம்பொண்ணு பேரு வெட்டுப்பட்டு, உள்ள வெந்து, எண்ணெ குடிச்சிட்டு வந்திருக்குது. உன் தம்பி மட்டும் அலுங்காம குலுங்காம ஆணியில தொங்குவானா? நாளைக்கு அந்த வூட்ல எம்பொண்ணு எப்படித் தல நிமிந்து பேசுவா? வெட்டு. ரெண்டும் சமமா இருக்கட்டும்."

"சிலம்பு பேரு மேலயா?"

"சிலம்பு பேரு மேலதான்."

சம்பந்தி வீட்டு நியாயம். அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. அன்புசெல்வி எஞ்சின் கூட்டில் ஒட்டியிருந்த பிசினை அலுமினியம் கீறாமல் சுரண்டி, பெட்ரோலில் துடைத்தாள். உள்ளே தூசி விழாமல் துணி அடைத்தாள். விளிம்பில் எண்ணெய் தடவிப் பத்திரிகையை மேலே வைத்தாள். தம்பி பேர் ஓரமாகப் போகட்டும் என்று கை தானாக அட்டையை ஒதுக்கியது. தையல்நாயகி ஒற்றை விரலால் அதை நகர்த்திப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பேர் சரியாக விளிம்பின் மேல் உட்கார்ந்தது.

உருண்டைத் தலைச் சுத்தியை அன்புசெல்வி கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அந்தப் பேரைச் சொன்னதும் அவள்தான். பிறகு தட்டினாள். டொக், டொக், டொக் என்று மெல்ல. கூரான விளிம்பில் அட்டை தானாக அறுந்துகொண்டு வந்தது. நடுவட்டம் கழன்று விழுந்தது. நாலு போல்ட்டு ஓட்டை. அப்புறம் ஓரத்தில் பொடி ஓட்டை ஒன்று. அதன் வழியாகத்தான் எஞ்சினின் மூச்சு கார்புரேட்டருக்குப் போய்ப் பெட்ரோலை இழுக்கும். அதை விட்டுவிட்டால் மிஷின் கல்.

பேக்கிங்கை வழவழவென்று எண்ணெயில் நனைத்து, ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்து உட்காரவைத்தாள். பிஸ்டன் ரிங்கை விரலால் அமுக்கிக்கொண்டு சிலிண்டரை இறக்கினாள். போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பிளக் ஓட்டையில் ஈயக் கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கி வந்ததைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"அது என்னா?" என்றாள் தையல்நாயகி.

"பிஸ்டன் மேல இடிக்காம எடம் இருக்குதான்னு பாக்கறது."

"இருக்குதா?"

"அளவா இருக்குது."

எல்லாம் மாட்டி, பிளக்கை இறுக்கி, பாவாடையிடம் கொடுத்தாள். அவன் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். மிஷின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"பெட்ரோல் ஏறணும். இன்னொருக்கா இழு."

இழுத்தான். இந்தமுறை இருமல்கூட இல்லை. பொடி ஓட்டையைப் போட்டோமா? போட்டது ஞாபகம் இருந்தது. ஆனால் நேற்றும் எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் ஞாபகம் இருந்தது. அவள் குனிந்து சாக்கில் தேடினாள். ஓட்டையிலிருந்து தெறித்த துணுக்கு, கடுகளவு, துணியின் மடிப்பில் ஒட்டியிருந்தது. நிமிர்ந்தாள்.

"இழுடா. பயப்படாம இழு."

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறி, பிறகு ஒரே சீராக, அடங்கிய குரலில் ஓடியது. பாவாடை முறுக்கிப் பார்த்தான். விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"முன்ன மாதிரி கத்தலியே அக்கா."

"கத்தாம ஓடறதுதான் ஓட்டம்."

எல்லாரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் என்னவோ நெளிந்தது.

"மூணு இழுப்பு" என்றாள்.

"பெட்ரோல் காஞ்சி போச்சி அத்த, அதனாலதான்..."

"காரணத்த விடு. எம்பொண்ணுக்கு ஒரே இழுப்பு. உன் தம்பிக்கு மூணு இழுப்பு." கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? அந்த வூட்ல எவ பேச்சு எடுபடும்னு மிஷினே சொல்லிடுச்சு."

"கேட்டேன் தையலு, நல்லா கேட்டேன்" என்றார் இராமதாஸ். அவருக்கு வேறு எதையும் கேட்க இஷ்டமில்லை.

கருகிய வளையத்தை அவள் முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். பிறகு கேரியரைத் திறந்தாள். சங்கரா மீன் குழம்பின் வாசனை மரத்தூளோடு கலந்து வந்தது.

"நீ எங்க கெளம்பற? உக்காரு. கைய நல்லா கழுவு, சோப்பு போட்டு. அந்த எண்ணெக் கையோட வந்து மூணாவது முடிச்சு போட்டேன்னா பாத்துக்க, அன்னிக்கு இருக்குது உனக்கு."

அன்புசெல்வி கிணற்றடிக்குப் போனாள். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஈரக் கையாலேயே எடுத்தாள்.

"அக்கா, என்னா ஆச்சு? மாத்திட்டியா? அத்த பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க."

"அய்யோ! அப்புறம்?"

"உனக்கு மூணு இழுப்புடா."

"என்னாது?"

"ஒண்ணும் இல்ல, கல்யாணம் நடக்கும். போன வையி, சாப்ட்டு பேசறேன்."

பின்னால் பாவாடை மிஷினைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். "கீழ நிக்கறவங்க தள்ளிக்கங்க!" என்று கத்தினான். தையல்நாயகி இலையை இழுத்துக்கொண்டு ரெண்டடி தள்ளி உட்கார்ந்து, குழம்பை ஊற்ற ஆரம்பித்தாள்.